காதின் மேல் அமரும் ஹெட்போன்: திருகோணமலை வெக்கைக்கு எது தோது?

20,000 ரூபாவுக்குள் ஹெட்போன் தேடுகிற எவரும் கடையில் முதலில் கேட்பது "சவுண்ட் எப்படி?" என்பதைத்தான். இந்த விலையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பெயர் தெரிந்த கம்பனிகளின் மலிவு மொடல்கள் எல்லாமே இன்றைக்கு ஒரு பாட்டை மரியாதையாகப் பாடும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாத மத்தியானத்தில் முக்கால் மணித்தியாலம் போட்டிருந்தால் காது என்ன பாடுபடும், ஒரு வருசம் போன பிறகு எந்தப் பாகம் முதலில் உரியும், உரிந்ததை இந்த ஊரிலேயே மாற்ற ஏலுமா, இதுகளில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும்.

மருமகள் கேட்டதால்தான் இதில் இறங்கினேன். கோணேசபுரி கம்பஸில் படிக்கிறாள். டவுனில் இருந்து நிலாவெளி பஸ்ஸில் போய் வருவாள். பின்னேரம் சங்கீதப் பயிற்சி, இரவில் சில நாள் ஒன்லைன் வகுப்பு. "மாமா, காதுக்குள்ள செருகுறது எனக்கு நோகுது. மேலால போடுறதில ஒண்டு பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள். காதை முழுதாக மூடுகிற பெரிய வகையை அவளே தள்ளிவிட்டாள். அதை வைத்தால் பையில் சாப்பாட்டுப் பெட்டிக்கு இடம் இராது. மிஞ்சியது காதுமடலின் மேல் வந்து உட்காருகிற சின்ன வகை.

இந்தச் சின்ன வகையிலும் இரண்டு சாதி உண்டு. கடையில் அதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், எல்லாம் ஒரே கொழுக்கியில்தான் தொங்கும். ஒன்று திறந்தது: முன்னால் மெல்லிய ஸ்பொஞ், நடுவில் சின்ன ஸ்பீக்கர், பின்னால் ஓட்டைகள். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968இல் எச்.டி.414 என்ற மொடலில் இந்தத் திறந்த அமைப்பைக் கொண்டுவந்தது. 1979இல் சோனியின் வோக்மேனோடு வந்த ஸ்பொஞ் ஹெட்போன் அதை உலகம் முழுக்கத் தெருவுக்கு இறக்கியது. மற்றது மூடியது: பின்பக்கம் பிளாஸ்டிக் மூடி, முன்னால் ரெக்சின் போர்த்த மெத்தை. இன்றைக்குக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது சாதி.

திறந்ததில் காற்று போய்வரும், காது வேர்க்காது. ஆனால் உங்கள் பாட்டுப் பக்கத்துக் கதிரைக்கும் கேட்கும், தெருச் சத்தம் முழுக்க உங்களுக்கும் கேட்கும். மூடியதில் இரண்டும் குறையும், வெக்கை கூடும்.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சனம் எழுதுகிறவர்கள் அநேகமாகக் குளிர் நாட்டில் இருந்து எழுதுகிறார்கள். அந்தக் கறுப்பு மெத்தையின் மேல் இருப்பது தோல் கிடையாது. துணியின் மேல் பூசிய பொலியூரிதேன். ஈரக்காற்றும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் இரசாயனப் பிணைப்பு உடையத் தொடங்கும். வேர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் அதை இன்னும் விரைவாக்கும். பாவிக்காமல் அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் தப்பாது. முதலில் ஒரு முடி அளவு வெடிப்பு. பிறகு பொட்டுப் பொட்டாய்க் கறுப்புச் செதில் கழன்று கன்னத்திலும் வெள்ளைச் சட்டைக் கொலரிலும் ஒட்டும். தட்டிவிட்டால் போகாது, நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் இது எந்தக் கம்பனிக்கும் வரும். ஆகவே மெத்தை கழலக்கூடியதா, அதே அளவில் வேறு மெத்தை வாங்கிப் போடலாமா என்பதைப் பார்க்காமல் மூடிய வகையில் கை வைக்கக்கூடாது.

இனி ஒவ்வொன்றாக.

கொஸ் போர்ட்டா புரோ. 1984இல் வந்த மொடல், இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள். 1958இல் ஸ்டீரியோ ஹெட்போனை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பனி இதுதான். மெல்லிய இரும்புப் பட்டை, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். காதுக்கு மேலே நெற்றிப் பொட்டில் அழுந்துகிற இன்னொரு சோடி ஸ்பொஞ் இருக்கிறது. சின்ன ஒரு ஆளியைத் தள்ளினால் பாரம் காதில் இருந்து பொட்டுக்கு மாறும். கண்ணாடி போடுகிறவர்களும் தோடு போடுகிறவர்களும் இந்த ஆளிக்காகவே இதை யோசிக்கலாம். மற்ற எல்லா மொடலிலும் மெத்தை காதுமடலை அமத்தும்போது தோட்டின் திருகாணி பின்பக்கத் தோலில் குத்தும். தொங்கட்டான் என்றால் கேட்கவே வேண்டாம்.

சத்தம் இளஞ்சூடானது. மிருதங்கத்தின் இடந்தலை கொஞ்சம் கொழுக்கும், பாடகர் அரை அடி பின்னால் நிற்பதுபோல இருக்கும், ஆனால் மணிக்கணக்காகக் கேட்டாலும் காது களைக்காது. மின்தடை 60 ஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, போனில் சத்தம் காணாதோ என்று சிலர் பின்வாங்குகிறார்கள். பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது: 1 மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல். சாதாரண போனுக்கே அது சுகமாக ஓடும்.

குறையும் அந்த இரும்புப் பட்டையில்தான். இரண்டு தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுகிற இடத்தில் நீளமான முடி சிக்கும், கழற்றும்போது ஒன்றிரண்டைப் பிடுங்கிக்கொண்டே வரும். வயர் மெல்லியது, கழற்ற ஏலாது. அறுந்தால் ஈயம் ஒட்டத் தெரிந்த ரேடியோ திருத்துகிறவர் ஒருவரிடம் கொடுக்கலாம். அமெரிக்காவில் இதற்கு வாழ்நாள் உத்தரவாதம் உண்டு என்பது உண்மை. திருகோணமலையில் இருந்து அங்கே பார்சல் அனுப்புகிற காசை எண்ணினால் அதை மறந்துவிடுவது நல்லம். கடையில் தேடிக் கிடைப்பதும் வில்லங்கம். கொழும்பிலோ இணையத்திலோ சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஸ்பொஞ் மட்டும் பிரச்சினையே இல்லை. உதிர்ந்தால் மலிவாக வேறு சோடி வாங்கி விரலாலேயே மாட்டலாம், உரிய அதில் ரெக்சின் இல்லை.

கே.எஸ்.சி.75 அதே கம்பனியின் இன்னொரு சரக்கு. பட்டையே கிடையாது; ஒவ்வொரு பக்கமும் காதில் கொழுவுகிற ஒரு வளையம். இதுவும் திறந்தது, இதுவும் 60 ஓம், அடிச்சத்தம் கொஞ்சம் குறைவு, குரல் போர்ட்டா புரோவைவிடத் தெளிவு. விலையில் அதன் அரைவாசிக்கும் கீழே. பார்வைக்கு வைத்தியசாலைச் சாமான்போல இருக்கும், அழகு பார்ப்பவர்கள் விலகலாம். வளையமும் கண்ணாடிக் காம்பும் ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கும் என்பதால் கண்ணாடிக்காரருக்கு இது சரிவராது.

சோனி இசட்.எக்ஸ்.110. மூடிய வகையில் நாலு பேர் கேட்டால் மூன்று பேருக்கு நான் காட்டுகிற வயர் மொடல். 30 மி.மீ. ஸ்பீக்கர், 24 ஓம், 1.2 மீற்றர் வயர், 120 கிராம் அளவு பாரம். கிண்ணங்களைத் திருப்பினால் தட்டையாகிக் கொப்பிக்கு இடையில் போகும். பெயரின் முடிவில் ஏபி என்று இருந்தால் வயரில் மைக் உண்டு. சில நூறு ரூபா கூட என்றாலும் அதையே எடுக்கவும். சத்தத்தில் அடிப்பாகம் கொஞ்சம் மந்தம், வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மெருகு காணாது. ஆனால் செய்தி, பாடம், பட்டிமன்றம், பழைய பாட்டு எல்லாவற்றுக்கும் காணும். மெத்தை இங்கே கட்டாயம் உரியும். உரிந்தால் அதே அளவில் பொதுவான மெத்தை வாங்கி மாட்டலாம்.

ஜே.பி.எல். டியூன் 510, டியூன் 520 இரண்டும் புளூடூத். முந்தியது 40 மணித்தியாலம், பிந்தியது 57 மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. இரண்டும் மடியும், இரண்டும் நல்ல இறுக்கம். அடி அதிர வேண்டும் என்கிற பெடியளுக்குப் பிடிக்கும். 520க்கு ஆப் இருக்கிறது, சத்தத்தை அதில் மாற்றலாம். எனக்கு அந்த இறுக்கம் முக்கால் மணித்தியாலத்தில் காதுமடலைச் சுடவைக்கிறது. அதோடு நிறுத்துகிறேன்.

சோனி சி.எச்.520. 2023இல் வந்தது, 147 கிராம், ஒரு சார்ஜில் 50 மணித்தியாலம், 3 நிமிசம் குத்தினால் ஒன்றரை மணித்தியாலம். ஒரே நேரத்தில் போனிலும் லெப்டொப்பிலும் இணைந்திருக்கும்: லெப்டொப்பில் பாட்டு ஓடும்போது அம்மா போன் எடுத்தால் தானாக அங்கே மாறும். பெட்டியில் இருந்து எடுத்தவுடன் அடிச்சத்தம் சற்றுத் தடிப்பாக இருக்கும், ஆப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கோடுகளில் இரண்டை இறக்கினால் குரல் வெளியே வரும். ஜே.பி.எல்.லைவிட மெதுவாகப் பிடிக்கும், மெத்தையும் மென்மை. வெளிச் சத்தத்தை அடக்குகிற வசதி கிடையாது, வயர் குத்துகிற ஜாக்கும் கிடையாது. பற்றரி இறங்கினால் அன்றைக்கு அது வெறும் தலைப்பட்டை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதை நினைத்துச் சிலர் புளூடூத்துக்குப் பயப்படுகிறார்கள். 50 மணித்தியாலம் ஓடுகிற சாமானுக்கு ஒரு நாள் கரண்ட் இல்லாதது பெரிய சோலி கிடையாது. பற்றரியின் எதிரி வெயில். முழுச் சார்ஜோடு, வெயிலில் நிற்கிற வானின் டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் லித்தியம் பற்றரியைக் கிழடாக்கும்.

வயரா புளூடூத்தா என்பதில் சண்டை பிடிக்க முன்னர் உங்கள் போனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்ட ஓட்டை இருந்தால் வயர் மொடல் நேரே குத்தும். சி-டைப் மட்டும் என்றால் ஒரு கொன்வேட்டர் வேண்டும், அங்கே ஒரு பொறி இருக்கிறது. மலிவாக விற்கிற சிலவற்றுக்குள் வெறும் கம்பி மட்டுந்தான். போனே அந்த வழியால் ஒலியை விட்டால்தான் வேலை செய்யும், பல போன்கள் விடாது. உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற சில்லு உள்ளதை, 'டக்' (DAC) என்று பெயர் சொல்லிக் கேட்டு, உங்கள் போனைக் கொண்டுபோய்க் கடையிலேயே குத்திப் பார்த்து எடுக்கவும்.

வீடியோ பார்க்க இரண்டும் ஒன்றுதான், புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தினாலும் வாயசைவு பொருந்தும்படி படத்தை ஆப்களே பிந்த வைத்துவிடும். கேம் விளையாடுகிறவரும் ஓகன் ஆப்பில் விரல் வைக்கிறவரும் புளூடூத்தில் தாமதத்தை உணர்வார்கள். ஒன்லைன் வகுப்பில் இன்னொன்று நடக்கும்: மைக் திறந்தவுடன் புளூடூத் கதைக்கிற முறைக்கு மாறும், அந்த நேரம் பாட்டும் குரலும் பழைய லேண்ட்லைன் போனில் வருகிறதுபோலச் சப்பையாகிவிடும். ஹெட்போன் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். லெப்டொப்பின் சொந்த மைக்கைத் தெரிவு செய்தால் சத்தம் திரும்பி வரும்.

வயசாளிகளுக்கு வயர்தான் என்று நான் அடித்துச் சொல்வதற்கு எப்.எம். காரணம். போனில் உள்ள எப்.எம். ரேடியோ ஹெட்போன் வயரைத்தான் அன்ரனாவாக எடுக்கும். புளூடூத் மட்டும் உள்ள வீட்டில் 'தென்றல்' கேட்க இணையமும் டேட்டாவும் வேண்டும். வாடைக் காலத்தில் புயல் வந்து டவர் படுத்தால் எப்.எம். மட்டுமே செய்தி சொல்லும்.

பஸ்ஸைப் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: காதின் மேல் அமர்கிற எந்த ஹெட்போனும் பஸ்ஸுக்கு ஆகாது. என்ஜினின் அடி உறுமலை இந்த மெத்தைகள் தடுக்காது. அது பாட்டின் அடிச்சத்தத்தைத் தின்றுவிட, நாங்கள் வொலியூமை ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல்லை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான். கொழும்புக்கு ஒரு முறை போய் வருவதற்குள்ளேயே அந்த நாலும் முடிந்துவிடும். அடிக்கடி தூரப் பயணம் போகிறவர் காதுக்குள் இறுக்கமாகச் செருகுகிறதை வாங்கிக் குறைந்த சத்தத்தில் கேட்பதே புத்தி. நிலாவெளி பஸ்ஸில் எப்படியும் டிரைவர் போடுகிற பாட்டைத்தான் கேட்க வேண்டும், அதுக்கு மேலால் இன்னொரு பாட்டு ஓட்டுவது வீண் போட்டி. மோட்டார் சைக்கிளில் போகும்போது எதையும் போட வேண்டாம். இந்த வகை ஹெல்மெட்டுக்குள் போகவும் மாட்டாது.

ஸ்கார்ப் போடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். துணியின் மேலால் இவற்றைப் போட்டால் பாட்டின் மேல்பக்கம் மங்கும், ஸ், ஷ் எல்லாம் பஞ்சுக்குள் போனமாதிரி வரும். மெல்லிய துணி ஒரு மடிப்பு என்றால் பரவாயில்லை, சி.எச்.520இன் ஆப்பில் மேல்கோட்டை ஏற்றினால் ஓரளவு சரிவரும். இரண்டு மூன்று மடிப்பு விழுகிற முறையில் சுற்றுகிறவர்களுக்கு உள்ளே கொழுவுகிற கே.எஸ்.சி.75 தோதாக இருக்கும், வயரை மட்டும் துணிக்குள்ளால் இறக்க வேண்டும்.

ஆக, யாருக்கு எது?

ஒபிசில் இருந்து கொண்டு நாள் முழுக்க கோல் எடுக்கிறவர், லெப்டொப்பும் போனும் இரண்டும் வைத்திருப்பவர், வயரைக் கண்டாலே எரிச்சல்படுகிறவர்: சி.எச்.520. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் இசட்.எக்ஸ்.110ஏபி, தொலைந்தாலும் உடைந்தாலும் நெஞ்சு அடைக்காத விலை. இரவில் தனி அறையில் அல்லது டச்சுக் குடாப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு பாட்டுக்காகவே பாட்டுக் கேட்கிறவர், முடி குட்டை என்றால், போர்ட்டா புரோ. கடற்கரையில் அது கசிகிற சத்தம் அலைக்குள் போய்விடும், அங்கே திரிகிற மான்களும் முறைப்பாடு வைப்பதில்லை.

மருமகளுக்கு நான் சி.எச்.520 சொல்லவில்லை. அவள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள், சுருதியைப் போனில் ஓடவிட்டுப் பாடுவாள். மூடிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பாடினால் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். சுருதி சேர்ந்ததா விலகியதா என்று தெரியாமல், ஒரு பக்கத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டுதான் பாட வேண்டி வரும். திறந்த வகையில் சுருதியும் கேட்கும், தன் குரலும் இயல்பாய்க் கேட்கும். போர்ட்டா புரோ என்றால் இடுப்புவரை உள்ள பின்னல் இரும்பில் சிக்கும். கண்ணாடியும் அவளுக்கு இல்லை. ஆகவே கே.எஸ்.சி.75, அதோடு சில்லு உள்ள ஒரு கொன்வேட்டர். வகுப்புக்கு லெப்டொப்பின் மைக் காணும். "இதென்ன மாமா, நேர்ஸ்மார் வைக்கிற சாமான் மாதிரி" என்று முகத்தைச் சுளித்தாள். வீட்டுக்குள் பாடுகிறவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அக்கா முடித்துவைத்தா.

வாங்குகிற இடம் பற்றி. என்.சி. றோட்டிலும் மத்திய வீதியிலும் போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சோனி, ஜே.பி.எல். என்று எழுதியிருப்பதில் போலிக் கொப்பியும் கலந்திருக்கும். ஒரு கடையில் கேட்டேன்:

"தம்பி, இது ஒரிஜினலோ?"

"அண்ணை, ஒரிஜினல் மாதிரித்தான். மெமரி காட்டும் போடலாம், எப்.எம்.மும் இருக்கு. ஒரிஜினல்ல அது இல்லை."

உண்மையைத்தான் சொன்னான். டியூன் 510இலும் சி.எச்.520இலும் மெமரி காட் ஓட்டையோ எப்.எம்.மோ வயர் ஜாக்கோ கிடையாது. இருந்தால் அது கொப்பி. சி.எச்.520ஐக் கடையிலேயே சோனியின் ஆப்பில் இணைத்துப் பார்க்கவும், அசல் என்றால் மொடல் பெயரோடு வந்து நிற்கும். போர்ட்டா புரோவுக்கும் இணையத்தில் கொப்பி ஓடுகிறது, நம்ப ஏலாத விலை என்றால் நம்ப வேண்டாம். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாகக் கூடிய பிறகு கடைக்குக் கடை விலை எட்ட எட்ட நிற்கிறது. மூன்று இடத்தில் விசாரித்தால் சி-டைப் கொன்வேட்டருக்கான காசு மிஞ்சும்.

கடல் காற்றுக்கு ஒரு வேலை: வயர் மொடலின் குத்துகிற முனையில் பச்சை படியத் தொடங்கினால் ஒரு பக்கம் கரகரக்கும். சுத்தமான துணியால் கிழமைக்கு ஒருக்கா துடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி உள்ள டப்பாவில் வைத்தால் காணும். மெத்தையை ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர விடவும், சானிட்டைசர் பூச வேண்டாம், ரெக்சின் அதில் சீக்கிரம் வெடிக்கும்.

பில்லில் மொடல் நம்பரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். "ஹெட்போன் 1" என்று மட்டும் எழுதிய துண்டோடு ஆறு மாதத்தில் வொறண்டி கேட்டுப் போனால், எந்த ஹெட்போன் என்பதில் இருந்து வழக்குத் தொடங்கும்.